கதைக்காரி சொன்ன முடிவு

கண்ணாடிக்காரருக்குச் சினிமாக் கொட்டகையில்தான் நல்ல தூக்கம் வரும். விளக்கை அணைத்துத் திரையில் எழுத்து ஓட ஆரம்பித்ததுமே அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். சண்டைப் படம், பாட்டுப் படம் என்ற பேதமெல்லாம் கிடையாது. நாள் முழுக்கக் கண்ணாடியைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குகிறவர். அந்த வேலை உடம்பை மட்டும் கேட்பதில்லை, மூச்சையும் கேட்கும். கண்ணாடி அறுக்கிற வைரமுனையை வைத்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் மூச்சு விட்டால் கோடு கோணும், கோடு கோணினால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். அப்படி மூச்சைப் பிடித்துப் பிடித்தே பிழைப்பு நடத்துகிற மனிதருக்கு இருட்டும் மெத்தை நாற்காலியும் கிடைத்தால், பிடித்துவைத்த மூச்சையெல்லாம் அங்கேதான் விடுவார். அதுவும் சத்தத்தோடு விடுவார்.

அவர் மனைவிக்கோ சினிமா என்றால் உயிர். சட்டை தைக்கும் கம்பெனியில் அவள் காலர் தைத்தாள். வரிசையாக ஓடும் மிஷின்களின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவளிடம்கூடக் கையை ஆட்டித்தான் பேச முடியும். பகலெல்லாம் வாய்க்குள் சேர்த்துவைத்த பேச்சை அவள் மாலையில்தான் அவிழ்ப்பாள். விடுமுறை நாளில் மதியக் காட்சிக்குப் புருஷனை இழுத்துக்கொண்டு போவாள். அவர் தூங்குவார், அவள் பார்ப்பாள். படம் முடிந்ததும் தோளைப் பிடித்து உலுக்குவாள்.

“என்னங்க, எந்திரிங்க. எல்லாரும் போயாச்சு. கூட்டுற அம்மா உங்களையும் சேத்துக் கூட்டிரும்.”

“முடிஞ்சிருச்சா? நல்லா இருந்துச்சா?”

“நீங்க விட்ட குறட்டையில பாதி வசனம் கேக்கல. முன் சீட்டுக்காரரு திரும்பித் திரும்பிப் பாக்குறாரு, படத்துல புலி எதுவும் வந்துருச்சோன்னு. டிக்கெட் எடுத்துத் தூங்குறதுக்கு வீட்லயே தூங்கலாமில்ல?”

“வீட்ல தூங்கினா நீ கதை சொல்ல மாட்டியே.”

உண்மையும் அதுதான். கொட்டகையிலிருந்து வீட்டுக்கு நடந்தே வருவார்கள். கொட்டகை வாசலில் கதை தொடங்கும். தபாலாபீஸ் வரும்போது கதாநாயகன் வேலையை விட்டிருப்பான். ரொட்டிக் கடை வரும்போது காதல் முற்றியிருக்கும். பாலத்தின் மேல் ஏறும்போது யாராவது யாரையாவது பிரிந்திருப்பார்கள். முடிவை மட்டும் தெருவில் சொல்ல மாட்டாள். மாடிப்படி ஏறி, கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிய பிறகுதான் அது வரும். கதை சீக்கிரம் தீர்ந்துவிடும் போலிருந்தால் வேண்டுமென்றே நடையைக் குறைப்பாள். அவருக்கு அவள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. அவளுக்கு அவர் வைத்த பெயர் கதைக்காரி.

அந்தக் காலத்தில்தான் படகுத்துறைப் படம் வந்தது. படத்துக்கு வேறு பெயர் உண்டு, ஆனால் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். போனவர்கள் எல்லாம் வீங்கிய கண்ணோடு வந்தார்கள், வந்தவர்கள் மறுபடியும் போனார்கள். கம்பெனியில் தையல்காரிகள் பட்டாளமாகப் போய்விட்டு மறுநாள் மிஷினில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார்கள். கண்ணாடிக்காரரும் போனார், வழக்கம்போலத் தூங்கினார், வழக்கம்போல நடந்து வந்தார்.

கதை இதுதான். ஒரு படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவன் ஒருவன். தினமும் படகேறி வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி. இரண்டு பேரும் பார்த்து, பேசி, கட்டிக்கொள்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். பிறகு அவளுக்கு மறதி நோய் வருகிறது. சாமான் மறந்து, தெரு மறந்து, கடைசியில் கட்டினவனே மறந்துபோகிறான். அவன் விடவில்லை. மாலையானால் அவளைத் துறைக்குக் கூட்டிப்போய்ப் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறான்.

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் முடிவைச் சொன்னாள்.

“கடைசில ஒரு நாள் படகு வந்து நிக்குது. அந்தம்மா யாரோ மாதிரி எந்திரிச்சு ஏறப் போகுது. இவன் கூப்பிடக்கூட இல்ல. சும்மா ஒரு இருமல் இருமுறான். அவ்ளோதான், படக்குனு திரும்பிப் பாத்துருச்சு. ‘இன்னுமா உங்களுக்குச் சளி போகல? மருந்து குடிச்சீங்களா, இல்லையா?’ன்னு கேக்குது. படம் முடிஞ்சிருச்சு.”

கண்ணாடிக்காரருக்கு அந்த முடிவு மிகவும் பிடித்துவிட்டது. “அடேயப்பா! அப்புறம் ஏன் கொட்டகையில எல்லாரும் அழுதாங்க?”

“ஏன், சந்தோஷத்துல அழ மாட்டாங்களா? நல்ல ஆளு நீங்க” என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினாள்.

வருஷங்கள் போயின. அவள் தலை நரைத்தது, அவருக்கு முட்டி வலி வந்தது. அதற்கு மேல்தான் கடவுள் அந்தச் சோதனையை அவர்கள் வீட்டுக்கு அனுப்பினார்.

முதலில் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். வயசாகிறது என்று சிரித்தார்கள். பிறகு ஒரு கட்டுச் சட்டை முழுவதும் அப்படியே வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. வேலை நின்றது. வீட்டில் அடுப்பு எரிந்தபடி இருந்தது, குழாய் திறந்தபடி இருந்தது. ஒரு மாலை கண்ணாடிக்காரர் தோளில் கருவிப் பையோடு உள்ளே நுழைந்தபோது அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

“வாங்கண்ணே. அந்த ஜன்னல்தான். நேத்தே வரச் சொன்னோமே, ஏன் வரல?”

விளையாடுகிறாள் என்று நினைத்து அவரும் விளையாடினார். “வேலை ஜாஸ்திம்மா. பெரிய இடத்துப் பங்களா ஒண்ணு மாட்டிக்கிச்சு.”

“எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. சீக்கிரம் முடிங்க, எங்க வீட்டுக்காரரு வர்ற நேரம்.”

அவள் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது இறங்கியது என்று அவருக்கே தெரியவில்லை.

டாக்டர் மருந்து கொடுத்தார். கூடவே, போன நினைவு போனதுதான், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். கண்ணாடிக்காரர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். டாக்டர் படித்தவர்தான், ஆனால் படகுத்துறைப் படம் பார்த்திருக்க மாட்டார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்தப் படத்தில் டாக்டர்கள் கைவிட்ட பிறகுதானே அந்தம்மா திரும்பிப் பார்த்தாள்? பொய்யான கதைக்கா ஊரே அப்படி அழும்?

அன்று முதல் மாலையில் கதவைத் திறந்ததும் ஓர் இருமல் இருமுவார். அவருக்கு இருமலுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடித் தூளும், சட்டத்தில் கண்ணாடியைப் பதிக்கிற பட்டியின் வாசமும் வாலிபத்திலேயே தொண்டையில் குடியேறிவிட்டன. இருமிவிட்டு நிற்பார். அவள் முகத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் வெளியே போய், மறுபடி உள்ளே வந்து, மறுபடி இருமுவார். அப்புறம் அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பார்.

“நான் யாரு? சொல்லு பாப்போம். நல்லா பாத்துச் சொல்லு. தூங்குமூஞ்சிம்மா! தூங்குமூஞ்சி!”

அவள் விரல்கள் புடவை ஓரத்தை மடித்து மடித்துப் பிடிக்கும். தப்பான பதில் சொல்லிவிடுவோமோ என்ற பயம் கண்ணில் தெரியும். அவருக்கு அது தெரியவில்லை. அவர் தேடினது வேறு, அதனால் எதிரில் இருந்தது கண்ணில் படவில்லை. படுக்கப் போகுமுன் சுவரைப் பார்த்துக் கைகூப்பி, “கடவுளே, ஒரே ஒரு தடவை அவளத் திரும்பிப் பாக்க வை, போதும்” என்று வேண்டிக்கொள்வார். அதில் ஒரு நாளும் தவறினதில்லை.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள அவருடைய கொழுந்தியாள், அதாவது மனைவியின் தங்கை, பஸ் பிடித்து வந்துபோனாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். ஒரு நாள் மாலை கண்ணாடிக்காரர் வந்து இருமியபோது கூடத்தில் மனைவியைக் காணோம். கொழுந்தியாள் மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, அக்கா எங்க இருக்குன்னு தெரியுமா? குளியலறையில. உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு நிக்குது. ஏன்னு கேளுங்க.”

“ஏன்?”

“‘அந்த இருமுற ஆளு வர்ற நேரம்டி, நான் இல்லைன்னு சொல்லிரு’ன்னு எங்கிட்ட மெதுவாச் சொல்லிச்சு. கைகாலெல்லாம் நடுங்குது. நீங்க தினமும் பரீட்சை வைக்கிறீங்க, அது தினமும் ஃபெயில் ஆகுது. பெத்தவங்களே புள்ளைய இப்பிடிப் பண்ண மாட்டாங்க மாமா.”

அவர் கருவிப் பையைக் கீழே வைத்தார்.

“எங்க வீடு தரைத்தளம். நாள் பூரா நான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க வேணாம்னு சொன்னாலும் கூட்டிட்டுப் போவேன்.”

“அவ திரும்பிருவா” என்றார் அவர். “நீ வேணா பாரு. அந்தப் படத்துல...”

“எந்தப் படத்துல?”

“படகுத்துறைப் படம். பழைய கொட்டகையில மறுபடி போட்டிருக்கான். போஸ்டர் பாத்தேன். ஒரே ஒரு தடவை அவளக் கூட்டிட்டுப் போயிட்டு வரேன். அதப் பாத்தா அவளுக்கு எல்லாம் வந்துரும். வரலைன்னா நீயே கூட்டிட்டுப் போ. நான் வாயத் திறக்க மாட்டேன்.”

கொழுந்தியாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வாய்வரை வந்த எதையோ விழுங்கினாள். “அந்தப் படமா மாமா?” என்று மட்டும் கேட்டாள். “சரி, போயிட்டு வாங்க.”

சனிக்கிழமை மதியக் காட்சி. கண்ணாடிக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். மனைவிக்குத் தலை வாரிவிட்டார். அவர் வாரிய வகிடு கோணலாகத்தான் இருந்தது. பழைய கொட்டகையில் பாதி நாற்காலிக்கு மேல் ஆள் இருந்தது. எல்லாம் நரைத்த தலைகள், நடுநடுவே சில இளசுகள். அவளைச் சுவர் ஓரமாக உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்ததும் கண் சொக்கியது. தொடையைக் கிள்ளிக்கொண்டார். இன்று தூங்கக் கூடாது. அவள் முகத்தில் நினைவு வருகிற நேரத்தை விட்டுவிடக் கூடாது.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு படத்தை விழித்துக்கொண்டு பார்த்தார். டிக்கெட் கிழிக்கிறவன் கூச்சப்படுவதைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண் படகிலிருந்து கையை ஆட்டியபோது அவர் கையும் நாற்காலிப் பிடியிலிருந்து தானாக எழுந்தது. மனைவி சொன்னது சொன்னபடியே எல்லாம் வந்தது. எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறாள் இந்தக் கதைக்காரி!

இடைவேளையில் அவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பருத்த மனிதர் கைக்குட்டையை மடித்து மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் நனைந்துவிட்டது போலிருக்கிறது.

“மொத தடவையா?” என்று கேட்டார் அவர்.

“அப்பிடித்தான் வச்சுக்குங்க. நீங்க?”

“நான் முடிவெட்டுறவன். கடைய மூடிட்டு வந்திருக்கேன். இந்தப் படத்த எத்தன தடவ பாத்தேன்னு எம் பொண்டாட்டி எண்ணிட்டு இருந்தா. அவளும் போயிட்டா, எண்ணிக்கையும் போயிருச்சு.”

“தெரிஞ்ச கதைக்கு ஏங்க மறுபடி மறுபடி வந்து அழறீங்க?”

முடிவெட்டுகிறவர் கொஞ்சம் யோசித்தார். “அழறதுக்கு வரலீங்க. அந்தம்மா படகுல வந்து மொதல்ல ஒரு சிரிப்பு சிரிக்குதே, அதுக்கு வரேன். அந்தச் சிரிப்பப் பாக்கணும்னா மீதியையும் பாத்துத்தான் ஆகணும். வீட்லன்னா எம் பொண்டாட்டி நெனப்பு வந்தா, கடைசியா ஆஸ்பத்திரியில கெடந்தது மட்டும்தான் வரும். இங்க வந்து உக்காந்தா மொதல்லேருந்து வரும்.”

“கவலப்படாதீங்க” என்றார் கண்ணாடிக்காரர். “முடிவு எனக்குத் தெரியும். அவன் இருமுவான், அந்தம்மா திரும்பிப் பாக்கும். ‘இன்னுமா சளி போகல’ன்னு கேக்கும்.”

முடிவெட்டுகிறவர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் புடவை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்த அம்மாளைப் பார்த்தார். “ஆமா, ஆமா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசிக் காட்சி வந்தது. அதே துறை, அதே பெஞ்சு. படகு வந்து நின்றது. அந்தம்மா எழுந்தாள். கண்ணாடிக்காரர் மூச்சைப் பிடித்தார். வைரமுனையை வைத்து இழுக்கும்போது பிடிப்பாரே, அப்படி.

டிக்கெட் கிழிக்கிறவன் இருமவில்லை.

அந்தம்மா அவனைப் பார்த்து, இந்தப் படகு எங்கே போகிறது என்று மரியாதையாகக் கேட்டாள். அக்கரைக்குப் போகிறது என்று அவனும் மரியாதையாகச் சொன்னான். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்து, படி ஈரம், பார்த்து ஏறுங்கள் என்றான். அவள் நன்றி சொல்லி ஏறினாள். படகு போனது. அவன் கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள். யாரோ ஒருவருக்கு ஆட்டுகிற மாதிரி. விளக்கு எரிந்தது.

கொட்டகை முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். கண்ணாடிக்காரர் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் எங்கே? அந்தப் படத்தில் இருமலே இல்லை. சளியும் இல்லை, மருந்தும் இல்லை. அது அவருடைய இருமல். அவருக்கும் அவளுக்கும் நடுவில் வீட்டில் தினமும் நடந்த பேச்சு. அதை எடுத்து அவள் அந்தப் படத்தின் கடைசியில் தைத்துவைத்திருக்கிறாள். அதைத்தான் இவர் வேதவாக்காக நம்பி, கதவருகில் நின்று மாலை மாலையாக இருமியிருக்கிறார்.

ஏமாற்றிவிட்டாயே என்று கேட்கத் திரும்பினார். அவள் கவலையோடு நாற்காலிகளுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பியதும் கேட்டாள்:

“அண்ணே, எங்க வீட்டுக்காரரு இங்கதான் பக்கத்துல தூங்கிட்டு இருந்தாரு. பாத்தீங்களா?”

அவர் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தார்.

“படம் முடிஞ்சிருச்சு. அவர எழுப்பணும். கதை சொல்லணும். எங்க போனாருன்னு தெரியலையே.”

விழித்துக்கொண்டிருக்கிற மனிதர் எப்படி அவள் புருஷனாக முடியும்? கண்ணாடிக்காரர் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். தலையை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணிலிருந்து நீர் வழிவதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு கை வந்து தோளைப் பிடித்து உலுக்கியது.

“என்னங்க. என்னங்க! எந்திரிங்க. எல்லாரும் போயாச்சு.”

அவர் கண்ணைத் திறந்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையோ பார்க்கும் பார்வையில்லை அது.

“முடிஞ்சிருச்சா?” என்றார். “நல்லா இருந்துச்சா?”

“கண்ணெல்லாம் பாரு, கோவைப்பழம் மாதிரி. அப்பிடி ஒரு தூக்கம். வெக்கமா இல்ல?” என்று சொல்லி, புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். பக்கத்தில் எழுந்து நின்ற முடிவெட்டுகிறவர் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

கை கோத்துக்கொண்டு நடந்தார்கள். கொட்டகை வாசலில் அவள் ஆரம்பித்தாள். “ஒரு படகுத்துறைங்க. அங்க டிக்கெட் கிழிக்கிற ஒரு பையன். தினமும் படகுல ஒரு பொண்ணு வரும்...” தபாலாபீஸ் வந்தது. அந்தப் பொண்ணுக்கு அவன் குடை கொடுத்தான். கண்ணாடிக்காரர் “அப்புறம்?” “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் நடையைக் குறைக்கவில்லை, ஆனால் அவர் குறைத்தார். இந்தத் தெரு இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா என்றிருந்தது.

ரொட்டிக் கடை வாசலில் அவள் பேச்சு தடுமாறியது. “அவன் வந்து... அந்தக் குடைய... இல்ல, காலரு... காலர மடிச்சு...” நின்றுவிட்டாள். கடையிலிருந்து வந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தாள். கோத்திருந்த கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

“நீங்க எந்தப் பக்கம் போகணும்ணே?”

கேட்டதைக் கடவுள் கொடுத்துவிட்டார். அவர் ஒரே ஒரு தடவை என்றுதான் கேட்டிருந்தார்.

வீடு வரைக்கும் அவள் அவருக்கு இரண்டு அடி தள்ளியே நடந்தாள். தெரியாத ஆளோடு மாடியேற மாட்டேன் என்று முதல் படியில் உட்கார்ந்துகொண்டாள். “எங்க வீட்டுக்காரரு வரட்டும்” என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு கொழுந்தியாளுக்கு ஃபோன் போட்டார்.

அவள் வந்து அக்காவைப் பேசிப் பேசி மேலே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு, கூடத்துக்கு வந்தாள்.

“தெரிஞ்சுதா மாமா?”

“தெரிஞ்சுது.”

“நிஜமாவா? எவ்ளோ நேரம்?”

“ரொட்டிக் கடை வரைக்கும்.”

பிறகு அவர்தான் கேட்டார். “அந்தப் படத்தோட முடிவு உனக்குத் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும் மாமா. உங்களத் தவிர.”

“ஏன் அப்பிடிச் சொன்னா எங்கிட்ட?”

கொழுந்தியாள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “இந்தப் படம் மட்டுமில்ல. குழந்தை தவறுன வருஷம் உங்களுக்கு நெனப்பிருக்கா?”

நினைவிருந்தது. அவர்களுக்குப் பிறந்தது ஒன்றே ஒன்று. பிறந்த அன்றே கண்ணை மூடிக்கொண்டது.

“அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒரு படத்துக்குப் போனீங்க. அதுல ஒரு குழந்தை தண்ணியில போயிரும். அக்கா விவரம் தெரியாம உள்ளத உள்ளபடியே சொல்லிருச்சு. மறுநாள் நீங்க வேலையில கண்ணாடியக் கையிலயே உடச்சுக்கிட்டு ரத்தத்தோட வந்தீங்க. அப்புறம் ரொம்ப நாள் வைரமுனைய எடுக்கவே இல்ல. அன்னைக்கு அக்கா எங்கிட்ட சொல்லிச்சு, ‘இந்த மனுஷனுக்கு இனிமே நான் எதையும் சாகவிட மாட்டேன்டி’ன்னு. அன்னையிலேருந்து நீங்க தூங்குன படம் எல்லாத்துலயும் முடிவுல யாரும் சாகல, யாரும் பிரியல. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்துச்சு, அவர்கிட்ட முடிவச் சொல்லிராதீங்கன்னு.”

கண்ணாடிக்காரர் எத்தனையோ முடிவுகளை நினைத்துப் பார்த்தார். ஜெயிலில் சாகாமல் விடுதலையானவன், ரயிலைத் தவறவிடாமல் பிடித்தவள், கடைசி நிமிஷத்தில் கண் திறந்த தாய். எல்லாமே படியேறி, கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிய பிறகு வந்தவை. தெருவில் வைத்து ஏன் சொல்லவில்லை என்பது இப்போதுதான் புரிந்தது. வழியெல்லாம் அவள் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

“நாளைக்குக் கூட்டிட்டுப் போம்மா” என்றார். “பயப்படாம இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய புடவைகளைத் தானே மடித்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு தினமும் வேலையை முடித்துவிட்டு மாலையில் கொழுந்தியாள் வீட்டுக்குப் போகிறார். தெருமுனையிலேயே நின்று இருமித் தீர்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். கண்ணாடிக்காரர் வந்திருக்கிறார் என்று கொழுந்தியாள் சொல்வாள். தோளில் கருவிப் பை இருப்பதால் மனைவியும் சந்தேகப்படுவதில்லை. ஜன்னலைப் பார்க்க வந்த ஆள். பார்க்கட்டும். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நன்றாக இருக்கிற கண்ணாடியைத் துணியால் துடைப்பார். நன்றாக இருக்கிற பட்டியை விரலால் அழுத்திப் பார்ப்பார். நான் யார் என்று ஒரு நாளும் கேட்பதில்லை. அவளுக்கு இப்போது கை நடுங்குவதில்லை. பழைய துணி ஒன்றை மடியில் வைத்து, விளிம்பை மடித்தபடி அவரோடு பேசிக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் கேட்டாள். “அண்ணே, உங்களுக்கு வீட்ல யாரு இருக்கா?”

“எம் பொண்டாட்டி இருக்கா.”

“புள்ளைங்க?”

“ஒண்ணு வந்துச்சும்மா. தங்கல.”

அவள் துணியிலிருந்து கையை எடுத்தாள். “எங்களுக்கும் அப்பிடித்தாண்ணே” என்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்க வீட்டம்மா எப்பிடி? நல்லவங்களா?”

“வாய் ஜாஸ்தி. போதாததுக்குப் பொய் வேற சொல்லுவா.”

“அய்யய்யோ. என்ன பொய்?”

“எனக்கு வலிக்கும்னு தெரிஞ்சா, நடந்தத மாத்திச் சொல்லிருவா.”

அவள் சிரித்துவிட்டாள். “அதப் போய்ப் பொய்யின்னு சொல்றீங்களேண்ணே. கட்டுனவ அதுகூடச் செய்யலைன்னா எப்பிடி?” பிறகு வெளியே மங்குகிற வெளிச்சத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் அவசரம் வந்தது. “இருட்டப் போகுது. இன்னும் என்ன இங்க உக்காந்துகிட்டு? கிளம்புங்க. அவங்க அங்க தனியாக் காத்துட்டிருப்பாங்க.”

அவர் துணியை மடித்துப் பையில் வைத்தார். கொழுந்தியாள் உள்ளேயிருந்து சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். “மாமா, இன்னைக்காவது சாப்பிட்டுட்டுப் போங்களேன். அங்க போய் என்ன பண்ணப் போறீங்க, வெறும்...”

அவர் அவளை முடிக்க விடவில்லை. ஜன்னலோரம் இருப்பவளுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கச் சொன்னார்:

“வேணாம்மா. வீட்ல காத்துட்டிருப்பா. நான் போனாத்தான் அவளும் சாப்பிடுவா.”

கொழுந்தியாள் தட்டோடு அப்படியே உள்ளே திரும்பிக்கொண்டாள். ஜன்னலோரத்தில் மனைவியின் முகம் தெளிந்தது. “பாத்தியாடி, என்ன ஒரு நல்ல மனுஷன்” என்று தங்கைக்குச் சொன்னாள்.

கண்ணாடிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஜன்னலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். முட்டி வலித்தது. இருந்தும் அவள் கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும், வீட்டில் ஆள் காத்திருக்கிறவர் நடக்கிற மாதிரியே, வேகமாக நடந்தார்.